வரிசை மாறாமல் பாடுமா? ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட மெமரி கார்டு பிளேயர் ஒன்றின் மதிப்புரை

நாகர்கோவில் மணிமேடையைச் சுற்றியுள்ள மின்னணுப் பொருள் கடைகளிலும், தக்கலை, மார்த்தாண்டம், திங்கள்சந்தை ஆகிய ஊர்களின் கைபேசிக் கடைகளிலும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சிறிய ஒலிபெருக்கிப் பிளேயர் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. மெமரி கார்டு, பென்டிரைவ், புளூடூத், பண்பலை வானொலி ஆகியவை அதில் உண்டு. முகப்பில் சிவப்பு நிறத்தில் எண் காட்டும் சிறிய திரையும், பின்பக்கம் கழற்றி மாற்றக்கூடிய பேட்டரியும், எண் பொத்தான்கள் கொண்ட ரிமோட்டும் இருக்கின்றன. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரை நான் எழுதவில்லை. உள்ளே இருக்கும் ஒரே மாதிரியான போர்டு பல பெயர்களிலும் பல நிறங்களிலும் விற்பனைக்கு வருவதால், பெயரை நம்பி வாங்குபவருக்கு அது வழிகாட்டாது. நான் முதன்மையாக எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: நாம் ஏற்றித் தரும் ஒலிக்கோப்புகளை, நாம் எண்ணிய வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக இந்தக் கருவி பாடுமா? எத்தனை வாட் ஒலி, எத்தனை மணி நேரம் பேட்டரி என்பதெல்லாம் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கின்றன. வரிசையைப் பற்றி ஒரு சொல்கூட எந்தப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை.

திரைப்பாடல் கேட்பவருக்கு இந்தக் கேள்வி தேவைப்படாது. ஐந்தாவது பாடலுக்குப் பின் பன்னிரண்டாவது பாடல் வந்தாலும் அவருக்கு இழப்பில்லை. ஆனால் நம் மாவட்டத்து வீடுகளில் முதியவர்கள் இத்தகைய கருவியில் கேட்பவற்றை எண்ணிப் பாருங்கள். கார்த்திகை மாதத்தில் அய்யாவழியினரின் தலைமை வழிபாட்டிடமாகிய சாமிதோப்புப் பதியில் 17 நாள் நடைபெறும் திருஏடு (அகிலத்திரட்டு அம்மானை) வாசிப்பின் ஒலிப்பதிவு, கொடை எனப்படும் கோயில் திருவிழாக்களில் பதிவு செய்த வில்லுப்பாட்டு, 150 சங்கீதங்கள், புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களிலுள்ள 260 அதிகாரங்கள், திருக்குறளின் 133 அதிகாரங்கள் என்று எதை எடுத்தாலும் அது தொடர்ச்சி உடையதாகவே இருக்கிறது. வில்லுப்பாட்டில் கதை ஒரு கேசட்டின் முதல் பக்கத்தில் பாதியில் நின்று மறுபக்கத்தில் தொடரும். அந்த இரண்டு பக்கமும் இடம் மாறினால் பிறப்பதற்கு முன்பே நாயகன் போருக்குப் போய்விடுவான். ஏடு வாசிப்பைப் பக்தியோடு கேட்பவருக்கு வரிசை குலைவது இடையூறு என்பதைவிடப் பெரிய மனவருத்தம்.

என் பெரியம்மாவுக்காகத்தான் இந்தக் கருவியை வாங்கினேன். கண்பார்வை மங்கியதால் அவரால் இப்போது பதிக்குப் போய் உட்கார்ந்து கேட்க இயலவில்லை. வீட்டிலேயே நாளுக்கு ஒரு பகுதியாகக் கேட்க விரும்பினார். ஏடு வாசிப்பின் ஒலிப்பதிவை ‘நாள் 1’ முதல் ‘நாள் 17’ வரை பெயரிட்ட கோப்புகளாகக் கொடுத்து, பாட்டு ஏற்றித் தரும் கடை ஒன்றில் மெமரி கார்டில் பதிவு செய்து வாங்கினோம். முதல் நாள் சரியாகப் பாடியது. இரண்டாம் நாள் காலையில் பெரியம்மா, “மக்களே, இது நேத்து கேட்டதுக்க பாக்கி இல்லியே” என்றார். கருவி பாடிக்கொண்டிருந்தது பத்தாம் நாள் வாசிப்பு. அதன்பின் 11, 12 என்று 17 வரை போய், அதற்குப் பிறகுதான் இரண்டாம் நாளுக்கு வந்தது. கடையில் கேட்டபோது, “இந்த செட்டு அப்படித்தான் பாடும் சார்” என்ற பதிலே கிடைத்தது. அந்தப் பதிலை ஏற்க வேண்டியதில்லை என்பதையும், காரணம் தெரிந்தால் இதே கருவியை முழுக்க நம் சொற்படி பாட வைக்கலாம் என்பதையும் விளக்கவே இதை எழுதுகிறேன்.

மெமரி கார்டில் கோப்புகள் வைக்கப்படும் முறைக்கு ஃபேட் என்று பெயர். நாம் பயன்படுத்தும் 32 ஜிபி வரையிலான கார்டுகளில் அதன் ஃபேட்32 என்ற வடிவம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு பதிவேடு உண்டு. அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு பதிவும் 32 பைட் நீளமுடையது. நீண்ட பெயர்களுக்கு, பதிவுக்கு 13 எழுத்துக்குறிகள் என்ற கணக்கில் கூடுதல் பதிவுகள் சேர்க்கப்படும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தப் பதிவேடு அகரவரிசையில் எழுதப்படுவதில்லை. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போல, யார் முதலில் வந்தாரோ அவர் பெயர் முதலில் இருக்கும். ஒரு கோப்பை நீக்கினால் அதன் பதிவு அழிக்கப்படுவதில்லை. ‘இந்த இடம் காலி’ என்ற அடையாளம் மட்டும் இடப்படுகிறது. பின்னால் ஏற்றும் கோப்பு அந்தக் காலி இடத்தில் போய் உட்காரலாம், அல்லது இறுதியில் சேரலாம். ஆகவே, பழைய பாடல்களை நீக்கி நீக்கிப் புதியவற்றை ஏற்றிய கார்டில் வரிசை எப்படி இருக்கும் என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

விலை குறைந்த பிளேயரில் உள்ள சிப்புக்கு நினைவகம் மிகச் சிறியது. எல்லாப் பெயர்களையும் படித்து, ஒப்பிட்டு, வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளும் வேலையை அது செய்வதில்லை. பதிவேட்டை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே பாடுகிறது. கணினியில் அதே கார்டைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரிவதற்குக் காரணம், கணினி நமக்குக் காட்டும் நேரத்தில் தானே வரிசைப்படுத்திக் காட்டுவதுதான். விண்டோஸ், எக்ஸ்பி காலத்திலிருந்தே பெயருக்குள் இருக்கும் எண்ணை எண்ணாகவே புரிந்துகொண்டு 1, 2, 3 … 10 என்று காட்டுகிறது. ஆனால் அதன் வன்தட்டில் உள்ள என்டிஎஃப்எஸ் முறை, பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. அந்த ஒப்பீட்டில் ‘10’ என்பதன் முதல் எழுத்து ‘1’ ஆதலால் அது ‘2’க்கு முன்னால் வந்துவிடும். முழுக் கோப்புறையாக நகலெடுக்கும்போது கோப்புகள் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே கார்டுக்குப் போகின்றன. போன வரிசையே பதிவேட்டில் எழுதப்படுகிறது. பதிவேட்டு வரிசையே காதில் விழுகிறது. பெரியம்மா இரண்டாம் நாளில் பத்தாம் நாளைக் கேட்டது இந்தச் சங்கிலியால்தான். திருக்குறளை ‘அதிகாரம் 1’ முதல் ‘அதிகாரம் 133’ வரை என்று பெயரிட்டு இதேபோல் ஏற்றினால், கடவுள் வாழ்த்துக்குப் பின் பத்தாவது அதிகாரமாகிய இனியவை கூறலும், அதன்பின் நூறாவது அதிகாரமாகிய பண்புடைமையும் வரும்.

எல்லாப் பிளேயர்களும் ஒரே வகையில் நடந்துகொள்வதில்லை. சில கருவிகள் இங்கே சொன்னதுபோல நகலெடுத்த வரிசையில் பாடும். சில, கோப்புப் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்தும். இன்னும் சில, பெயரைப் பொருட்படுத்தாமல், எம்பி3 கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் டேக் எனப்படும் குறிப்பிலுள்ள பாடல் எண்ணைப் பார்த்துப் பாடும். வாங்கும் கருவி இவற்றில் எந்த வகை என்று கடைக்காரருக்கும் தெரியாது, பெட்டியிலும் எழுதியிருக்காது என்பதால், கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு சோதனைக் கார்டைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். எவரும் செய்துகொள்ளலாம் என்பதால் அதன் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கைபேசியில் மூன்று சிறிய பதிவுகளை நம் குரலிலேயே செய்து, அவற்றை எம்பி3 ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் பதிவில் “பெயர் வரிசை” என்றும், இரண்டாவதில் “நகல் வரிசை” என்றும், மூன்றாவதில் “டேக் வரிசை” என்றும் சொல்லிப் பதிவு செய்யலாம். “பெயர் வரிசை” என்று சொல்லும் கோப்புக்கு 01 என்றும், “டேக் வரிசை” என்று சொல்வதற்கு 02 என்றும், “நகல் வரிசை” என்று சொல்வதற்கு 03 என்றும் பெயரிட வேண்டும். டேக்கில் எண் இடும்போது “டேக் வரிசை” கோப்புக்கு 1, “பெயர் வரிசை” கோப்புக்கு 2, “நகல் வரிசை” கோப்புக்கு 3 என்று கொடுத்து, மூன்றுக்கும் ஒரே ஆல்பம் பெயரை எழுதிவிட வேண்டும். பின்னர், புதிதாக ஃபார்மேட் செய்த கார்டில், “நகல் வரிசை” கோப்பை முதலில் தனியாகவும், அது முடிந்தபின் “பெயர் வரிசை” கோப்பையும், கடைசியாக “டேக் வரிசை” கோப்பையும் நகலெடுக்க வேண்டும். இந்தக் கார்டைக் கருவியில் போட்டவுடன் முதலில் கேட்கும் குரல், அந்தக் கருவி எதைப் பின்பற்றுகிறது என்பதைத் தானே அறிவித்துவிடும். திரையே இல்லாத கருவிக்கும் இது போதும்.

மணிமேடைப் பக்கத்துக் கடையில் இதைப் போட்டுப் பார்க்கக் கேட்டபோது, கடைக்கார அண்ணாச்சி தடையேதும் சொல்லாமல் கண்ணாடிப் பெட்டியிலிருந்த மற்றக் கருவிகளையும் எடுத்துக் கொடுத்து, தானும் ஆர்வமாகக் கேட்டார். இந்த மதிப்புரைக்குரிய பிளேயர் “நகல் வரிசை” என்றே முதலில் சொன்னது. கோப்புறைகள் இருந்தால், வெளியே தனியாகக் கிடக்கும் கோப்புகளை முதலில் பாடிவிட்டு, பிறகு கோப்புறைகளுக்குள் போகிறது; கோப்புறைகளையும் அவை உருவாக்கப்பட்ட வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறது. திரையில் வரும் எண், கார்டு முழுவதற்கும் தொடர் எண்ணாக அமைகிறது. ஆகவே முதல் கோப்புறையில் 17 கோப்புகள் இருந்தால், இரண்டாவது கோப்புறையின் முதல் கோப்பு 18 என்று காட்டப்படும்; ரிமோட்டில் 18 என்று அழுத்தினால் நேராக அங்கே போய்விடுகிறது. பார்வை குறைந்தவருக்கு “பதினெட்டை அழுத்தினால் சங்கீதம் தொடங்கும்” என்று சொல்லிக் கொடுப்பது எளிது என்பதால் இதை நான் பெரிய வசதியாகவே மதிக்கிறேன்.

கருவி தானாக வரிசைப்படுத்தாததைக் குறை என்று பலர் சொல்வார்கள். வீட்டில் ஒருவர் பொறுப்பாக ஏற்றித் தரும் நிலையில் அதை நான் நிறையாகவே கருதுகிறேன், ஏனெனில் கருவி தன் விருப்பப்படி எதையும் மாற்றுவதில்லை. நாம் எழுதிய வரிசையை அப்படியே மதிக்கிறது. டேக்கைப் பின்பற்றும் கருவிகள்தாம் நம் வீட்டுப் பதிவுகளுக்கு அதிகத் தொல்லை தருகின்றன. எம்பி3 டேக்கின் முதல் வடிவம் கோப்பின் கடைசி 128 பைட்டில் எழுதப்பட்டது. அதில் தலைப்புக்கு 30 எழுத்துக்குறிகளே இடம், பாடல் எண்ணுக்கு இடமே இல்லை. பின்னால் குறிப்புரைப் பகுதியிலிருந்து இரண்டு பைட்டை எடுத்து எண்ணுக்கு இடம் ஒதுக்கினார்கள். யூனிகோடு தமிழை அந்த வடிவம் தாங்காது. தமிழில் எழுதினால் கேள்விக்குறிகளே மிஞ்சும். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறை டேக்கில் தமிழ் எழுத இயலும் என்றாலும், அதிலும் 2.3, 2.4 என்ற பதிப்புகளுக்கிடையே வேறுபாடு உண்டு. பழைய கருவிகள் பல 2.4 பதிப்பைப் படிப்பதில்லை. கேசட்டிலிருந்து மாற்றிய வில்லுப்பாட்டுப் பதிவுகளில் டேக்கே இருக்காது, அல்லது மாற்றித் தந்தவரின் மென்பொருள் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை இட்டிருக்கும். அத்தகைய கோப்புகளை டேக் வரிசைக் கருவியில் போட்டால் என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. எம்பி3டேக் என்ற மென்பொருளில் தானியங்கி எண்ணிடும் வசதி இருக்கிறது. கோப்புகளைச் சரியான வரிசையில் அடுக்கி, அதைக் கொண்டு எண்ணிட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும். நம் பிளேயருக்கு அது தேவையில்லை.

தேவையானது பெயரிடுவதில் ஒழுங்கு. எத்தனை இலக்கம் வேண்டுமோ அத்தனை இலக்கத்தையும் பூஜ்யம் இட்டு நிரப்பிப் பெயரின் தொடக்கத்திலேயே எழுத வேண்டும். ஏடு வாசிப்புக்கு 01 முதல் 17 வரை போதும். சங்கீதத்துக்கும் திருக்குறளுக்கும் 001 என்று மூன்று இலக்கம் வேண்டும். வில்லுப்பாட்டுக் கேசட்டுகளை ‘பக்கம் ஏ, பக்கம் பி’ என்று பெயரிட்டு வைக்கும் பழக்கம் உண்டு. அதை விட்டுவிட்டு, எல்லாப் பக்கங்களுக்கும் தொடர்ச்சியாக எண் இடுவது நல்லது. புதிய ஏற்பாட்டை ஏற்றுபவர்கள் ஒவ்வொரு புத்தகத்தையும் தனிக் கோப்புறையாக வைத்தால், கோப்புறைப் பெயருக்கும் 01 மத்தேயு, 02 மாற்கு என்று எண் இட வேண்டும். இல்லையெனில் அப்போஸ்தலர் நடபடிகள் முதலில் வந்து நிற்கும்.

எண் இல்லாமல் தலைப்பை மட்டும் தமிழில் எழுதி வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திருக்குறளின் முதல் நான்கு அதிகாரங்கள் கடவுள் வாழ்த்து, வான்சிறப்பு, நீத்தார் பெருமை, அறன்வலியுறுத்தல் என்பன. பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் நான்காவது முதலிலும், முதலாவது இரண்டாவதாகவும், மூன்றாவது மட்டும் தன் இடத்திலும், இரண்டாவது கடைசியிலும் வரும். அத்துடன், கணினிக்குள் உள்ள தமிழ் எழுத்துகளின் குறியீட்டு வரிசை நம் நெடுங்கணக்கோடு முழுதும் ஒத்துப்போவதில்லை. யூனிகோடில் ‘ன’ எழுத்து ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ எழுத்து ‘ர’வுக்கு அடுத்தும் இருக்கின்றன, ‘ள’, ‘ழ’ இரண்டும் ‘வ’வுக்கு முன்னால் வந்துவிடுகின்றன, புள்ளி வைத்த மெய், உயிர்மெய்களுக்குப் பின்னால் தள்ளப்படுகிறது. குறியீட்டை மட்டும் ஒப்பிடும் மென்பொருள் இந்த வரிசையையே தரும். ஆகையால் அகரவரிசையில் தானே அமையும் என்று தமிழ்த் தலைப்பை நம்புவதைவிட, முன்னால் எண்ணை இட்டு அதன்பின் தலைப்பைத் தமிழில் எழுதுவதே பாதுகாப்பானது. இந்தப் பிளேயரின் திரை எண்களை மட்டுமே காட்டுவதால் தமிழ்ப் பெயர் அதில் தெரியாது. பின்னாளில் கார்டைத் திறந்து பார்க்கும் நமக்காகவே அது தேவைப்படுகிறது.

பெயரிட்டபின் ஏற்றும் முறை. கார்டில் இருப்பதைக் கணினியில் வேறிடத்தில் சேமித்துக்கொண்டு, கார்டை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, முழுக் கோப்புறையையும் ஒரேயடியாக விண்டோஸில் நகலெடுத்தால் பெரும்பாலும் சரியாக அமைந்துவிடும். கோப்புகளைத் தேர்ந்தெடுத்து மவுஸால் இழுத்துப் போடுபவர்கள், முதல் கோப்பைப் பிடித்து இழுக்க வேண்டும். நடுவிலுள்ள ஒன்றைப் பிடித்து இழுத்தால் அது முதலில் போய்விடும். லினக்ஸில் முழுக் கோப்புறையை நகலெடுக்கும்போது பெயர் வரிசையில் போகும் என்பதற்கு உறுதி இல்லை. கார்டைக் கைபேசியோடு இணைக்கும் ஓடிஜி இணைப்பான் வழியாக ஏற்றினால் வரிசை அந்தச் செயலியைப் பொறுத்தது.

உறுதியான வழி, எப்படி ஏற்றினாலும் இறுதியில் பதிவேட்டையே வரிசைப்படுத்திவிடுவது. அதற்கென்றே இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. லினக்ஸுக்கு ஃபேட்சார்ட், விண்டோஸுக்கு டிரைவ்சார்ட். இவை ஒலிக்கோப்பைத் தொடுவதில்லை. பதிவேட்டின் பதிவுகளை மட்டும் இடம் மாற்றி எழுதுவதால் பெரிய கார்டாக இருந்தாலும் வேலை விரைவில் முடிந்துவிடும். ஃபேட்சார்ட்டைப் பயன்படுத்தும்போது கார்டு கணினியில் செருகப்பட்டிருக்க வேண்டும், ஆனால் மவுண்ட் ஆகியிருக்க (அதாவது கோப்புகளைப் பார்க்கும்படி கணினி அதைத் திறந்து வைத்திருக்க) கூடாது என்பதை நினைவில் கொள்க. பதிவேட்டில் கைவைக்கும் வேலை என்பதால் கோப்புகளின் மற்றொரு நகல் கணினியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பெரியம்மாவின் கார்டை டிரைவ்சார்ட்டில் வரிசைப்படுத்திக் கொடுத்தபின், ஏடு வாசிப்பு முதல் நாளிலிருந்து பதினேழாம் நாள் வரை ஒரு பிசகும் இல்லாமல் போனது.

மேக் கணினியில் ஏற்றுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு ஒலிக்கோப்புக்கும் துணையாக, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வரும் பெயருடன் ஒரு சிறிய மறைகோப்பை அது ஃபேட் கார்டில் எழுதிவிடுகிறது. கணினியில் அது கண்ணுக்குத் தெரியாது; பிளேயரோ அதையும் ஒரு பாட்டாக எண்ணி, திரையில் எண் கொடுத்து, பாட முயன்று, அடுத்ததற்குத் தாவும். அப்போது ரிமோட்டில் அழுத்தும் எண்கள் யாவும் மாறிவிடும். அந்த மறைகோப்புகளை நீக்கிவிட்டுத்தான் கார்டைக் கருவியில் போட வேண்டும்.

கார்டு வாங்கும்போது 32 ஜிபிக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. விலை குறைந்த கருவிகள் பல அதைப் படிப்பதில்லை. பேச்சுக்கும் வாசிப்புக்கும் 32 ஜிபி மிக அதிகம். ஒரே சேனலில், நொடிக்கு 64 கிலோபிட் அளவில் மாற்றிய பதிவு மணிக்கு 29 எம்பிக்குள் அடங்கும். அந்தக் கணக்கில் 8 ஜிபி கார்டிலேயே 250 மணி நேரத்துக்கு மேல் பதியலாம்.

இந்தக் கருவியில் உண்மையான குறை ஒன்று உண்டு. அணைத்துவிட்டு மீண்டும் போட்டால் விட்ட கோப்பின் எண்ணை அது நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் கோப்பின் நடுவில் விட்ட இடத்தை வைத்திருப்பதில்லை, அந்தக் கோப்பின் தொடக்கத்துக்கே போய்விடுகிறது. இரண்டு மணி நேர வாசிப்பு ஒரே கோப்பாக இருந்தால், கரண்டு போனதாலோ பேட்டரி தீர்ந்ததாலோ கருவி நின்றுபோனால் முதியவர் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். கார்டைக் கழற்றிப் போட்டாலும் பேட்டரியைக் கழற்றினாலும் எண்ணும் மறந்துபோய் 1க்கு வந்துவிடுகிறது. இதற்குத் தீர்வாக நான் நீண்ட பதிவுகளைப் பத்து அல்லது பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து ஏற்றுகிறேன். எம்பி3டைரக்ட்கட் என்ற மென்பொருள், ஒலியை மறுபடி சுருக்காமல் வெட்டித் தருவதால் தரம் குறைவதில்லை. துண்டுகளின் பெயரில் நாளுக்கு ஒரு எண்ணும் துண்டுக்கு ஒரு எண்ணும், 0101, 0102 என்பதுபோல் நான்கு இலக்கமாகச் சேர்த்து எழுதினால் வரிசை எங்கும் குழம்பாது. வாசிப்பவர் மூச்சு விடும் இடம் பார்த்து வெட்ட வேண்டும். அடியின் நடுவில் வெட்டினால் துண்டுகளுக்கிடையே வரும் சிறு இடைவெளி காதை உறுத்தும்.

மற்ற அம்சங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பேச்சுக் குரல் தெளிவாக இருக்கிறது. வில்லுப்பாட்டில் குடத்தின் அடி மட்டும் சற்று மெலிந்து கேட்கிறது. குமரி பண்பலை நன்றாக எடுக்கிறது. அடுத்த பாட்டுக்கும் ஒலி கூட்டவும் ஒரே பொத்தான் என்பது முதியவர்களுக்குத் தடுமாற்றம் தருகிறது. தட்டினால் தாவும், அழுத்திப் பிடித்தால் ஒலி கூடும் என்பது அவர்கள் கைக்குப் பழக நாளாகிறது. பேட்டரி, பழைய நோக்கியா கைபேசிகளில் இருந்த பிஎல்-5சி வகை என்பதால் எந்தக் கைபேசிக் கடையிலும் மாற்று கிடைக்கும். ரிமோட்டில் கலைத்துப் பாடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதைத் தெரியாமல் அழுத்திவிட்டால் நாம் செய்த ஏற்பாடெல்லாம் வீணாகிவிடும் என்பதால், பெரியம்மாவின் ரிமோட்டில் அந்தப் பொத்தானின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன்.

கைபேசி இருக்க இது எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். விஎல்சி போன்ற செயலிகள் கைபேசியில் பெயர் வரிசையில் ஒழுங்காகவே பாடுகின்றன. ஆனால் அழைப்பு வந்தால் நின்றுபோகிறது, விரல் பட்டால் வேறு திரைக்குப் போகிறது, கண் தெரியாதவருக்குத் தொடுதிரை உதவுவதில்லை. ராக்பாக்ஸ் என்ற திறந்தமூல மென்பொருளை ஏற்றிய பழைய பிளேயர்கள் இருந்தால் அவை இன்னும் சிறந்தவை. பெயர் வரிசை, எண்களை எண்ணாகவே புரிந்துகொள்வது, நின்ற இடத்திலிருந்து தொடர்வது ஆகிய எல்லாம் அதில் முடியும். அத்தகைய கருவிகள் நம் ஊர்க் கடைகளில் இப்போது கிடைப்பதில்லை. வீட்டில் கணினி தெரிந்த ஒருவர் இருந்து, வரிசையாக ஏற்றித் தரும் பொறுப்பை அவர் எடுத்துக்கொள்வதானால், இந்த விலைக்கு இந்தக் கருவியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஏற்றித் தர ஆளில்லாமல், கடையிலேயே எல்லாவற்றையும் பதிவு செய்து வாங்குபவர்கள், சோதனைக் கார்டில் “பெயர் வரிசை” என்று சொல்லும் கருவியைத் தேடி வாங்குவது மேல். அதிலும் பூஜ்யம் இட்டுப் பெயரிடுவது அவசியம்.

கடையில் ஏற்றுபவர்கள் அங்கே தெளிவாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. கார்டை முதலில் ஃபார்மேட் செய்யச் சொல்லுங்கள். பழைய கோப்புகளோடு சேர்த்து ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். கோப்புப் பெயர்களை நீங்களே எண்ணிட்டுக் கொடுத்து, கோப்புறையாகவே நகலெடுக்கச் சொல்லுங்கள். அதன்பின் அங்கேயே கருவியில் போட்டு, 1, 2, 3 மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாமல், 9க்கு அடுத்து 10 வருகிறதா, 10க்கு அடுத்து 11 வருகிறதா என்று ரிமோட்டில் தாவிப் பாருங்கள். வரிசை பிசகுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வெளிப்படும்.

ஒரு கார்டைச் சரியாக அமைத்தபின் உறவினர்களும் அதுபோல் ஒன்று கேட்பது வழக்கம். முதல் கார்டிலிருந்து இரண்டாவது கார்டுக்குக் கோப்புகளை நகலெடுத்தால் வரிசையும் கூடவே போகும் என்று எண்ணக் கூடாது. புதிய கார்டின் பதிவேடு புதிதாகவே எழுதப்படுகிறது. அதையும் டிரைவ்சார்ட்டிலோ ஃபேட்சார்ட்டிலோ ஒருமுறை வரிசைப்படுத்திவிட வேண்டும். அல்லது வின்32 டிஸ்க் இமேஜர் போன்ற மென்பொருளால் முதல் கார்டை முழு இமேஜாக, அதாவது கார்டின் உள்ளடக்கம் முழுவதையும் இருந்தபடியே ஒரே கோப்பாக எடுத்து, அதே அளவோ அதைவிடப் பெரிய அளவோ உள்ள கார்டில் எழுதினால் பதிவேடும் அப்படியே வந்துவிடும். வளைகுடாவில் இருக்கும் அண்ணன் மகனுக்கு அனுப்பிய கார்டை இரண்டாவது முறையில்தான் எழுதினேன். கார்டுகளின் உண்மையான கொள்ளளவு, ஒரே 8 ஜிபி என்று எழுதியிருந்தாலும், தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்றே வேறுபடும் என்பதால், இமேஜ் எடுப்பதற்கு முன் இரண்டாவது கார்டு முதல் கார்டைவிடச் சிறிதாக இல்லை என்பதைக் கணினியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.